'மூன்று உலகப் போர்' கடிதக்காரர் ஆல்பர்ட் பைக் உண்மையில் யார்?

கரிசல்காட்டான்:
மேற்காசியாவில் குண்டு விழும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் அந்தக் கடிதம் உயிர்பெற்றுவிடுகிறது. "1871லேயே மூன்று உலகப் போர்களுக்கும் திட்டம் போட்டுக் கொடுத்தவர் ஆல்பர்ட் பைக். ஃப்ரீமேசன்களின் உலகத் தலைவர். இலுமினாட்டி." கீழே வெள்ளைத் தாடியும் தோளில் புரளும் முடியுமாக ஒரு கிழவர் படம். படம் அவருடையதுதான். மற்றது எதுவும் சரியில்லை. (ஃப்ரீமேசன், சுருக்கமாக மேசன், என்பது சடங்குகளும் படிநிலைகளும் கொண்ட ஒரு சகோதரத்துவச் சங்கம். இலுமினாட்டி என்பது உலகை ரகசியமாக ஆட்டிவைப்பதாகச் சதிக்கதைகள் சொல்லும் கூட்டம்.)

கடிதத்தைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். ஆளைப் பற்றி இங்கே பேசுவோம். எனக்குத் தெரிந்ததை முதலில் போட்டுவிடுகிறேன்.

பிறந்தது பாஸ்டனில், 1809 டிசம்பர் 29. அப்பா செருப்புத் தைப்பவர். பையன் 15 வயதில் ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறிவிட்டான். ஆனால் சம்பளப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். வீட்டில் ஏது பணம்? ஹார்வர்டு கை நழுவியது. மாசசூசெட்ஸ் ஊர்களில் பள்ளி வாத்தியாராகச் சில வருடம் ஓட்டினார். கவிதையும் எழுதினார்.

1831ல் ஊரை விட்டே கிளம்பிவிட்டார். செயின்ட் லூயிஸ் போய், அங்கிருந்து சான்டா ஃபே நோக்கிப் போன வியாபாரக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். வழியில் புயலில் குதிரை மிரண்டு ஓடிவிட, மிச்சமிருந்த 500 மைலை நடந்தே நியூ மெக்சிகோவின் தாவோஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார் என்பார்கள். அடுத்த வருடம் தோல் வேட்டைக்காரர்களோடு பெக்கோஸ் ஆற்றுப் பக்கம் அலைந்துவிட்டு, ஆர்கன்சாஸ் எல்லையில் ஃபோர்ட் ஸ்மித் என்ற ஊரில் கையில் காசில்லாமல் வந்து நின்றார். மறுபடி வாத்தியார் வேலை. 'காஸ்கா' என்ற புனைபெயரில் அரசியல் கட்டுரைகள் எழுதப்போக, லிட்டில் ராக்கில் இருந்த பத்திரிகைக்காரர்கள் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். 1834ல் கல்யாணம். மனைவி கொண்டுவந்த பணத்தில் அந்தப் பத்திரிகையையே வாங்கிவிட்டார். இடையில் தானாகவே சட்டம் படித்து, 1837ல் வக்கீலானதும் பத்திரிகையை விற்றார்.

மேசன் சங்கத்தில் சேர்வதற்கு இன்னும் 13 வருடம் இருக்கிறது. அதை அடுத்துப் பேசலாம்.

சும்மாசுந்தரம்:
காலேஜ் பக்கமே போகாமல் வக்கீலா? வக்கீல் சார், மேடைக்கு வரவும்.

வக்கீல்_வண்டு:
வந்தேன். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது சாதாரணம். சட்டப் புத்தகங்களைப் படித்து, நீதிபதி கேட்பதற்குப் பதில் சொல்லித் தேறினால் சன்னது கிடைத்துவிடும். லிங்கனும் அப்படி வந்தவர்தான்.

பைக்கின் வக்கீல் வாழ்க்கையில் நான் கவனிப்பது வேறு விஷயம். ஆர்கன்சாஸ் சுப்ரீம் கோர்ட்டின் முதல் ரிப்போர்ட்டர் அவர்தான். தீர்ப்புகளைச் சேகரித்து, ஒழுங்குபடுத்தி, தொகுதியாக அச்சிடும் வேலை. அதோடு, எந்தக் காரியத்துக்கு எந்த வாசகத்தில் மனு எழுதுவது, பத்திரம் எழுதுவது என்று வக்கீல்களுக்கு ஒரு மாதிரிப் படிவப் புத்தகமும் போட்டார், தன் பெயரைப் போடாமலே. மாநிலம் ஆனதே 1836ல். பழைய தீர்ப்புகள் கிடையாது, பழக்கவழக்கம் கிடையாது. அந்த மாதிரி இடத்தில் எழுதத் தெரிந்தவன் கையில்தான் எல்லாம் போய்ச் சேரும்.

கோர்ட்டில் முழங்குகிற வக்கீல் ஒரு ரகம், நாற்காலியில் உட்கார்ந்து வரைவு எழுதுகிற வக்கீல் இன்னொரு ரகம். பைக்குக்கு மேடைப் பேச்சும் வரும். ஆனால் அவரைத் தூக்கிவிட்டது வரைவுதான் என்பது என் கட்சி. பின்னால் மேசன் சடங்குகளை மாற்றி எழுதியதும் இதே கைதான். அங்கே வரும்போது சொல்கிறேன்.

மூன்றாம்கண்:
நல்லா மூடி மறைக்கிறீர்கள் எல்லாரும். இலுமினாட்டியைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'போலி, போலி' என்பது வழக்கமாகிவிட்டது. பைக்கே தன் புத்தகத்தில் லூசிஃபர்தான் ஒளியைக் கொண்டுவருபவன் என்று எழுதியிருக்கிறார். மறுக்க முடியுமா?

கரிசல்காட்டான்:
தம்பி, மறுக்க வேண்டியதில்லை, அந்த வரி இருக்கிறது. 1871ல் வெளிவந்த 'மாரல்ஸ் அண்ட் டாக்மா' புத்தகத்தில், 19ஆம் படிநிலைக்கான அத்தியாயத்தில். ஆனால் அங்கே அவர் கும்பிடவில்லை. இருளின் ஆவிக்கு 'ஒளி தாங்குபவன்' என்று பெயர் வைத்திருப்பது விசித்திரம் என்று ஆச்சரியப்படுகிறார். பலவீனமான, சுயநல ஆத்மாக்களின் கண்ணைக் கூச வைக்கும் ஒளி அது என்று எச்சரித்து முடிக்கிறார். முழுப் பத்தியையும் படித்தால் தெரியும்.

பைக் சாத்தானைத் தொழச் சொன்னார் என்று சுற்றும் மேற்கோள் வேறு. 1889 ஜூலை 14 தேதியிட்ட 'கட்டளை' என்பார்கள். அது 1890களில் பிரான்சில் லியோ தாக்சில் என்பவர் நடத்திய பெரிய மோசடியோடு வந்தது. பைக்கை ஒரு ரகசிய சாத்தான் சபையின் போப்பாண்டவராகச் சித்தரித்து, டயானா வாகன் என்று ஒரு பெண்ணையே கற்பனையில் உண்டாக்கி, வருடக் கணக்கில் கதை விட்டார். கத்தோலிக்கத் திருச்சபையின் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் நம்பினார்கள். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸ் புவியியல் சங்க அரங்கில் டயானா வாகனை நேரில் காட்டப்போவதாகக் கூட்டம் கூட்டினார். வந்தவர்களிடம், 'அப்படி யாரும் கிடையாது, அத்தனையும் என் கட்டுக்கதை' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பைக் அதற்கு ஆறு வருடம் முன்பே இறந்துவிட்டார்.

மூன்று போர்க் கடிதத்தைப் பரப்பியவர் வில்லியம் கை கார் என்ற கனடா கடற்படைக்காரர், 1950களில். இத்தாலியப் புரட்சித் தலைவர் மாஸினிக்கு 1871 ஆகஸ்ட் 15 அன்று பைக் எழுதியதாம், பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் இருக்கிறதாம். அப்படி ஒன்று எங்களிடம் இல்லவே இல்லை என்று நூலகம் சொல்லிவிட்டது. 1871ல் உட்கார்ந்துகொண்டு நாஜிசத்தைப் பெயர் சொல்லி எழுத யாரால் முடியும்? அந்தக் கட்சியே முதல் உலகப் போருக்குப் பிறகு வந்தது.

மூன்றாம்கண்:
சரி, கடிதம் போலி என்றே வைத்துக்கொள்வோம். நெருப்பில்லாமல் புகையுமா? ஒன்றும் இல்லாத ஆளையா இத்தனை பேர் பிடித்துத் தொங்குகிறார்கள்?

பொடோமாக்_செல்வி:
நெருப்பு இருந்தது மூன்றாம்கண். நீங்கள் வேறு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் வாஷிங்டன் பக்கம் இருக்கிறேன். இங்கே பைக் மீது கோபப்படுகிறவர்கள் லூசிஃபருக்காகக் கோபப்படுவதில்லை. 1858ல் பைக்கும் இன்னும் 11 பேரும் சேர்ந்து ஆர்கன்சாஸ் மக்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார்கள். அடிமைகளாக இல்லாத, சுதந்திரமான கறுப்பின மக்களை மாநிலத்தை விட்டே வெளியேற்ற வேண்டும் என்பது கோரிக்கை. ஊருக்குள் சுதந்திரமாக நடமாடும் கறுப்பர்களைப் பார்த்தால் அடிமைகள் கெட்டுப்போவார்கள் என்பது அவர்கள் வாதம். அடுத்த வருடமே சட்டசபை சட்டம் போட்டது: 1860 ஜனவரி 1க்குள் வெளியேறிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடிமைத்தனம். மூட்டை முடிச்சோடு குடும்பம் குடும்பமாக வடக்கே போனார்கள். தாடிக்காரரின் கையெழுத்து அந்தக் காகிதத்தில் இருக்கிறது. அதற்கு மியூசியத்தில் போய்த் தேட வேண்டியதில்லை.

அந்தச் சட்டம் வந்தது 1859 பிப்ரவரியில். அதற்கு முந்தைய மாதம்தான் பைக் ஸ்காட்டிஷ் ரைட் தென்பகுதித் தலைவராகத் தேர்வானார். சகோதரத்துவம் பேசும் சங்கத்துக்கு.

சும்மாசுந்தரம்:
செல்வி அக்கா அடித்த அடியில் இழை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது போலிருக்கிறது. அந்த 'ஸ்காட்டிஷ் ரைட்' என்றால் என்ன? ஸ்காட்லாந்துக்காரர்களா? இவர்தான் உலக மேசன்களுக்கெல்லாம் தலைவரா?

வக்கீல்_வண்டு:
இல்லை. உலகத் தலைவர் என்று மேசன்களுக்கு யாருமே கிடையாது. ஒவ்வொரு நாட்டிலும், அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும், தனித்தனி கிராண்ட் லாட்ஜ். லாட்ஜ் என்றால் மேசன்களின் உள்ளூர்க் கிளை, கிராண்ட் லாட்ஜ் அவற்றுக்குத் தலைமை. நம் நாட்டிலும் 1961 முதல் தனி கிராண்ட் லாட்ஜ் இருக்கிறது. முதல் மூன்று படிநிலைகள் அங்கே முடிந்துவிடும். அதற்கு மேல் விருப்பப்பட்டவர்கள் சேரும் கிளை அமைப்புகளில் ஒன்றுதான் ஸ்காட்டிஷ் ரைட். 4 முதல் 32 வரை படிநிலைகள். 33 என்பது கௌரவம். பெயர்தான் ஸ்காட்டிஷ், வேர் பிரெஞ்சு. 1801ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அதன் முதல் சுப்ரீம் கவுன்சில் அமைந்தது. பின்னால் அமெரிக்காவையே வடபகுதி, தென்பகுதி என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பைக் தலைமை வகித்தது தென்பகுதிக்கு மட்டும்.

அவர் ஏறிய வேகத்தைப் பாருங்கள். 1850ல் லிட்டில் ராக்கில் வெஸ்டர்ன் ஸ்டார் லாட்ஜில் சேர்கிறார். 1853 மார்ச்சில் சார்ல்ஸ்டனில் ஆல்பர்ட் மாக்கி என்ற மூத்த மேசன் அவருக்கு 4 முதல் 32 வரை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார். 1855ல் சடங்கு வாசகங்களைத் திருத்தும் குழுவில் இடம். 1857ல் 33. 1859ல் தலைவர், சாவரின் கிராண்ட் கமாண்டர். சேர்ந்து ஒன்பது வருடத்தில் உச்சி.

எப்படி என்று கேட்டால், நான் மேலே சொன்ன கட்சிக்கே வருகிறேன். அப்போது ஸ்காட்டிஷ் ரைட்டின் சடங்குகள் கையெழுத்துப் பிரதிகளாக, அரைகுறை மொழிபெயர்ப்புகளாக, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கிடந்தன. உறுப்பினர்களும் கொஞ்சம் பேர்தான். குழு என்று போட்டார்களே தவிர, உட்கார்ந்து எழுதியது பைக் மட்டும். எந்தச் சங்கத்திலும் நடப்பதுதான். தீர்மானத்தை யார் எழுதிக்கொண்டு வருகிறாரோ, அடுத்த வருடம் அவர்தான் செயலாளர். பிறகு தலைவர்.

கரிசல்காட்டான்:
வக்கீல் சார் சொல்வதில் ஒரு பாதி ஒப்புக்கொள்கிறேன். வெறும் எழுத்து மட்டும் என்றால் குமாஸ்தாவோடு நின்றிருப்பார். ஆளே ஒரு காட்சி. ஆறடி, 300 பவுண்டுக்கு மேல் எடை, விருந்து என்றால் விடிய விடிய பாட்டு. தலைவரான அதே 1859ல் அவர் செத்துப்போனதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்துவிட்டது. வாஷிங்டன் நண்பர்கள் கூடி இழவு கொண்டாட ஏற்பாடு செய்தால், மனுஷன் உயிரோடு வந்து நிற்கிறார். ஏற்பாட்டைக் கலைப்பானேன் என்று அவரை வைத்துக்கொண்டே ராத்திரி முழுக்க இரங்கல் பேச்சும் பாட்டும் குடியும். அந்தப் பேச்சுகளை ஒரு சின்னப் புத்தகமாக அச்சிட்டும் விட்டார்கள். இப்படிப்பட்ட ஆளைச் சுற்றி நாலு பேர் தானாகச் சேருவார்கள்.

துப்பாக்கிக் கதையும் உண்டு. 1846ல் மெக்சிகோ யுத்தத்துக்குக் குதிரைப்படை கேப்டனாகப் போனார். புவெனா விஸ்தா சண்டைக்குப் பிறகு, ஆர்கன்சாஸ் படை ஒழுங்கில்லாமல் சண்டை போட்டது என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டார். அதிகாரி ஜான் ரோன் சண்டைக்குக் கூப்பிட்டார். 1847 ஜூலையில் ஃபோர்ட் ஸ்மித்துக்கு எதிரே ஆற்று மணல்திட்டில் இருவரும் நின்று சுட்டார்கள். யார்மீதும் குண்டு படவில்லை. கூட வந்தவர்கள் போதும் போதும் என்று பிரித்துவிட்டார்கள். ரோன் பின்னாளில் ஆர்கன்சாஸ் கவர்னர்.

வக்கீல்_வண்டு:
பழங்குடிகள் வழக்கை யாரும் தொடவில்லையே. வக்கீலாக அவர் பெயர் எடுத்தது அதில்தான்.

1850களில் கிரீக், சோக்டாவ் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுக்காக வாஷிங்டனில் மத்திய அரசை எதிர்த்து வாதாடினார். கிரீக் உள்ளிட்ட மக்களுக்கு 8,00,000 டாலர் வாங்கிக் கொடுத்தார். சோக்டாவ் விவகாரம் இன்னும் பெரிது. 1830 ஒப்பந்தத்தில் அவர்களை மிசிசிப்பியிலிருந்து கிளப்பிவிட்டு, அரசு நிலத்தை விற்றுக் காசு பார்த்தது. விற்ற பணத்தில் செலவு போக மீதியைக் கொடு என்பது கோரிக்கை. பைக் ஆரம்பத்தில் அதற்காக வேலை செய்த வக்கீல்களில் ஒருவர். 1859ல் செனட் ஏறத்தாழ 29.8 லட்சம் டாலர் தரலாம் என்றது. 1861ல் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையே உள்நாட்டுப் போர் வந்தது, பணம் நின்றது. சுப்ரீம் கோர்ட்டில் சோக்டாவ் மக்கள் ஜெயித்தது 1886ல். நம் ஊர் நில ஆர்ஜித வழக்குகள் பார்த்தவர்களுக்கு இந்தத் தேதிகள் ஆச்சரியம் தராது.

பொடோமாக்_செல்வி:
வக்கீல் சார், பீஸ் எவ்வளவு என்பதை நாசூக்காக விட்டுவிட்டீர்களே. வந்தால் பங்கு என்றுதானே இறங்கினார்கள்?

வக்கீல்_வண்டு:
ஆமாம், ஜெயித்தால் கால் பங்கு என்ற கணக்கு. இங்கே அப்படி ஒப்பந்தம் போட்டால் பார் கவுன்சில் கூப்பிட்டு விசாரிக்கும். அங்கே அன்று தப்பில்லை. கையில் ரொக்கம் இல்லாத மக்களுக்கு வேறு எந்த வக்கீல் வாஷிங்டனில் போய் உட்காருவான்?

பொடோமாக்_செல்வி:
சரி, பீஸை விட்டுவிடுகிறேன். அந்த நம்பிக்கையை வைத்து அடுத்து என்ன செய்தார்? 1861ல் தென் மாநிலங்கள் பிரிந்து கான்ஃபெடரேட் அரசு அமைத்ததும், பழங்குடிகளைத் தங்கள் பக்கம் இழுக்கத் தூதராக அனுப்பியது பைக்கைத்தான். ஏனென்றால் அவர்களுக்கு இவரைத் தெரியும். கிரீக், சோக்டாவ், சிக்கசா, செமினோல், கடைசியில் அக்டோபரில் செரோக்கி என்று வரிசையாக ஒப்பந்தம். செரோக்கித் தலைவர் ஜான் ராஸ் முதலில் யார் பக்கமும் சேர மாட்டேன் என்று இருந்தவர். அவரும் கையெழுத்துப் போட்டார். விளைவு? அந்த மக்களுக்குள்ளேயே ஒரு உள்நாட்டுப் போர். கிராமங்கள் எரிந்தன. போர் முடிந்ததும், 'நீங்கள் எதிரியோடு சேர்ந்தீர்கள்' என்று சொல்லி வாஷிங்டன் அவர்களிடமிருந்து இன்னும் நிலத்தைப் பிடுங்கியது. வக்கீலை நம்பிய கட்சிக்காரர் நிலை இது.

வக்கீல்_வண்டு:
ஒப்பந்த வாசகத்தைப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். மத்திய அரசு கொடுத்ததைவிட நல்ல நிபந்தனைகள். நிலத்துக்கு உத்தரவாதம், கான்ஃபெடரேட் காங்கிரசில் பிரதிநிதி, அவர்கள் சம்மதமில்லாமல் அவர்கள் படையை எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற ஷரத்து. கட்சிக்காரருக்காக எழுதியவர் போலத்தான் எழுதியிருக்கிறார்.

மீறியது தளபதிகள். 1862 மார்ச்சில் அந்தப் படையை ஆர்கன்சாஸுக்குள் பீ ரிட்ஜ் சண்டைக்கு இழுத்தார்கள். பைக் பிரிகேடியர் ஜெனரல். செரோக்கி வீரர்கள் முதல் நாளில் ஒரு பீரங்கி அணியைப் பிடித்தார்கள். ஆனால் செத்துக் கிடந்த எதிரிகளில் சிலரின் தலைத்தோல் உரிக்கப்பட்டிருந்தது. வடக்கத்திப் பத்திரிகைகள் பைக்கைக் காட்டுமிராண்டி என்று எழுதின. அவரோ அதைக் கண்டித்து உத்தரவே போட்டிருந்தார். பழங்குடிகளுக்கென்று வந்த துணியையும் ஆயுதத்தையும் பணத்தையும் மேலதிகாரிகள் வேறு பக்கம் திருப்புகிறார்கள் என்று சண்டை போட்டு, ஜூலையில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அதோடு நிற்காமல், பழங்குடிகளுக்கு வெளிப்படையாக ஒரு அறிக்கையும் விட்டார். அவருக்குக் கீழே இருந்த அதிகாரியே 'பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை துரோகியாக இருக்க வேண்டும்' என்று மேலே எழுதி, கைது செய்ய ஆள் அனுப்பினார். நவம்பரில் ராஜினாமா ஏற்கப்பட்டு வீட்டுக்கு விட்டார்கள்.

பொடோமாக்_செல்வி:
ஷரத்து நல்ல ஷரத்துதான். அதைக் காப்பாற்ற வக்கு இல்லாத அரசின் பெயரில் எழுதிக் கொடுத்தார். அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காக உண்டான அரசு அது. அவருக்கு அது தெரியும். அந்த வருடமே பிரிவினையை ஆதரித்துத் துண்டுப் பிரசுரம் போட்டவர் அவர்.

சும்மாசுந்தரம்:
இந்த இடத்தில் இரண்டு பேரும் தண்ணீர் குடித்துக்கொள்ளவும். நான் கேட்பது: தோற்ற பிறகு தலைவர் பதவி எப்படிப் பிழைத்தது? தேசத்துரோகி ஆயிற்றே.

கரிசல்காட்டான்:
தேசத்துரோக வழக்கு பதிவானது. 1865ல் நியூயார்க் போய், அங்கிருந்து கனடாவுக்கு ஓடினார். அதே வருடம் ஆகஸ்ட் 30 அன்று ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மன்னிப்புக் கொடுத்ததும் திரும்பினார். ஜான்சனும் மேசன்தான். மன்னிப்புக்கு அதுதான் காரணம் என்று மூன்றாம்கண் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஜான்சன் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான தென்னாட்டுக்காரர்களுக்கு மன்னிப்பு வழங்கினார்.

போர் நடுவே லிட்டில் ராக்கை வடக்குப் படை பிடித்தபோது, பைக்கின் வீட்டு நூலகத்தை எரித்துவிடாமல் காவல் போட்டவர் அயோவாவின் மேசன் தலைவராக இருந்த ஒரு வடக்கு அதிகாரி என்று மேசன்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பைக் அந்தச் சமயம் மலைப்பக்கம் ஒதுங்கி இருந்து சடங்குகளை எழுதிக்கொண்டிருந்தார். போர் முடிந்து அமைப்பு சிதறிக் கிடந்தபோது எழுதி முடித்த சடங்கு யார் கையில் இருந்தது? அவர் கையில். பிறகு மெம்பிஸ், 1870க்குள் வாஷிங்டன். 1891 ஏப்ரல் 2 அன்று சுப்ரீம் கவுன்சில் கட்டிடத்திலேயே இறக்கும்வரை 32 வருடம் அவர்தான் தலைவர்.

'மாரல்ஸ் அண்ட் டாக்மா' 800 பக்கத்துக்கு மேல். பாதிதான் என் சரக்கு, மீதி தொகுத்தது என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். பிரெஞ்சு மறைஞானி எலிஃபாஸ் லெவியிடமிருந்து பத்தி பத்தியாக எடுத்திருக்கிறார், எங்கே எடுத்தேன் என்று அடிக்குறிப்பு கிடையாது. ஏற்க விருப்பமில்லாதவர் தாராளமாக மறுக்கலாம் என்றும் முன்னுரை சொல்கிறது. உலகை ஆளப்போகும் ரகசிய வேதம் இப்படியா தொடங்கும்? 20ஆம் நூற்றாண்டில் பல வருடம் தென்பகுதி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். எத்தனை பேர் படித்தார்கள் என்பது வேறு. நான் மூன்று அத்தியாயத்துக்கு மேல் தாண்டவில்லை. தூக்கம் சொக்குகிறது.

மூன்றாம்கண்:
கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் விஷயம்? அவர்தான் அதன் தலைமை நீதிபதி என்று எங்கும் இருக்கிறதே. அதுவும் போலியா?

பொடோமாக்_செல்வி:
அது நல்ல கேள்வி. அவர் உறுப்பினராக இருந்ததற்கு அவர் காலத்து ஆவணம் இல்லை. 1905ல், அவர் இறந்து 14 வருடம் கழித்து வந்த ஒரு புத்தகத்தில்தான் அந்தப் பதவி தெளிவாக வருகிறது. மேசன்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் 1868 ஏப்ரலில் மெம்பிஸில் தான் நடத்திய பத்திரிகையில் பைக் ஒரு தலையங்கம் எழுதினார். கிளானின் நோக்கத்தில் அவருக்குக் குறை இல்லை. முறையும் தலைமையும்தான் பிடிக்கவில்லை. கறுப்பர்களின் ஓட்டுரிமையை எதிர்க்கும் தென்னாட்டு வெள்ளையர் அனைவரையும் ஒரே பெரிய ரகசிய சகோதரத்துவ அமைப்பாகச் சேர்க்க வேண்டும் என்றார். பதவி வகித்தாரா இல்லையா என்பதைவிட இது கனமானது என்று நினைக்கிறேன்.

வக்கீல்_வண்டு:
இதற்கு நான் வாதாடப் போவதில்லை.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கறுப்பின மேசன்களுக்கு 18ஆம் நூற்றாண்டிலிருந்தே பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பின மேசன் வழி வந்த தனி லாட்ஜ்கள் உண்டு. வெள்ளை லாட்ஜ்கள் அவற்றை அங்கீகரிக்கவில்லை. 1875ல் பைக் ஒரு கடிதம் எழுதினார். பிரின்ஸ் ஹால் லாட்ஜ் மற்றவை போலவே முறையாக அமைந்தது என்று சட்டரீதியாக ஒப்புக்கொள்கிறார். அடுத்த மூச்சிலேயே, நான் உறுதிமொழி எடுத்தது வெள்ளையரோடு, கறுப்பரைச் சகோதரராக ஏற்க வேண்டி வந்தால் சங்கத்தை விட்டே போவேன் என்கிறார். வக்கீலாகப் பார்த்தால் பயங்கரமான கடிதம். வழக்கு எதிர்த்தரப்புக்குச் சாதகம் என்று தெரிந்து எழுதுகிறார். பின்னாளில் பிரின்ஸ் ஹால் ஸ்காட்டிஷ் ரைட் தலைவர் ஒருவருக்குத் தன் சடங்கு நூல்களின் முழுத் தொகுதியைக் கொடுத்தார் என்பதும் உண்மை. மனம் மாறினார் என்று மேசன்கள் சொல்வார்கள். புத்தகம் கொடுப்பது வேறு, பக்கத்தில் உட்கார வைப்பது வேறு.

சும்மாசுந்தரம்:
செல்வி அக்கா, சிலை விவகாரம் என்ன ஆயிற்று? 2020ல் கயிறு கட்டி இழுத்தது இவரைத்தானே?

பொடோமாக்_செல்வி:
இவரைத்தான். ஜூடிசியரி ஸ்கொயரில் இருந்தது, கோர்ட்டுகள் பக்கம். 1901ல் மேசன்கள் காசில் வைத்த 11 அடி வெண்கலச் சிலை. வைக்கும்போதே வடக்குப் படையின் முன்னாள் வீரர்கள் எதிர்த்தார்கள். அதனால் ராணுவ உடை இல்லாமல், நீளக் கோட்டோடு, கையில் அவருடைய அந்தத் தடிப் புத்தகத்தோடு நிற்க வைத்தார்கள். தலைநகரில் வெட்டவெளியில் நின்ற ஒரே கான்ஃபெடரேட் ஜெனரல் சிலை. 1992லேயே நகர மன்றம் எடுக்கச் சொன்னது, மத்திய அரசு நிலம் என்பதால் நடக்கவில்லை. 2020 ஜூன் 19 இரவு கீழே சாய்த்துத் தீ வைத்தார்கள். 2025 அக்டோபரில் மத்திய அரசு பழுதுபார்த்து மறுபடி அதே இடத்தில் நிறுத்திவிட்டது.

பீடத்தில் நூலாசிரியர், கவிஞர், அறிஞர், போர்வீரர், வள்ளல், தத்துவஞானி, சட்ட நிபுணர், பேச்சாளர் என்று சுற்றிலும் செதுக்கியிருக்கிறது. அந்த எட்டில் ஏழு பட்டங்களை நான் ஒப்புக்கொள்வேன். வள்ளல் மட்டும் இடிக்கிறது.

வக்கீல்_வண்டு:
எனக்கு 'கவிஞர்' இடிக்கிறது. 1839ல் எடின்பரோ பத்திரிகை ஒன்று அவருடைய கிரேக்க தெய்வத் துதிகளை அச்சிட்டுப் பாராட்டியது என்பதற்காகவா? படித்துப் பார்த்தேன். மனு எழுதுவதில் இருக்கும் சுருக்கம் கவிதையில் இல்லை.

கரிசல்காட்டான்:
நம் ஆட்களுக்கு ஆர்வம் வரக்கூடிய ஒரு சமாச்சாரத்தை விட்டுவிட்டோம். வயதான காலத்தில் பைக் ரிக்வேதத்திலும் பாரசீகர்களின் அவெஸ்தாவிலும் மூழ்கிக் கிடந்தார். ரிக்வேத தெய்வங்களைப் பற்றி அவர் கையால் எழுதிய பெரிய கையெழுத்துப் பிரதியை 1930ல் ஸ்காட்டிஷ் ரைட் புத்தகமாகவே போட்டது. இந்தியா வந்தவரில்லை. ஐரோப்பிய அறிஞர்களின் மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டு எழுதியது. 19ஆம் நூற்றாண்டின் ஆரியக் கற்பனைகள் எல்லாம் அதில் உண்டு. இன்று ஆராய்ச்சிக்கு உதவாது. தன் இனமே உலகத்துக்கு ஞானம் கொடுத்தது என்று நம்ப ஆசைப்பட்ட ஒருவரின் மனசைப் பார்க்க உதவும். செல்வி சொன்ன 1868 தலையங்கத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

மூன்றாம்கண்:
அந்தக் கையெழுத்துப் பிரதியை வெளியாட்கள் பார்க்க விடுவார்களா? ரகசியச் சங்கம் ஆயிற்றே.

பொடோமாக்_செல்வி:
16ஆம் தெருவில் அவர்கள் தலைமையகம் இருக்கிறது, 1915ல் கட்டி முடித்த பிரம்மாண்டமான கட்டிடம். 33 அடி உயரத் தூண்கள் சுற்றிலும் 33. பைக்கின் உடலையும் 1944ல் கல்லறைத் தோட்டத்திலிருந்து எடுத்து வந்து அங்கேதான் சுவருக்குள் வைத்திருக்கிறார்கள். தன்னை எரிக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தார், யாரும் கேட்கவில்லை. அவர் கொடுத்த நூலகமும் அங்கேதான். பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். நான் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். உள்ளே சுற்றிக் காட்டுவார்கள். ரிக்வேதப் பிரதியைக் கேட்டுப் பார்க்கிறேன்.

வக்கீல்_வண்டு:
போனால் அந்த ஆர்கன்சாஸ் படிவப் புத்தகம் இருக்கிறதா என்றும் கேளுங்கள் அம்மா. அச்சுப் பிரதி ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்.